ஆடு மேயக் கூடாத தோட்டம்

எர்ணாவூர் கேட்டுக்கு அந்தாண்டை,
கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டித் தூங்கும் ரோட்டை ஒட்டி
நாற்பது சென்ட்.
சூரியகாந்தி, கடுகு, ஓரமெல்லாம் வெட்டிவேர்.
காவலுக்கு நான்.
திருடனுக்காக இல்லை,
ஜம்புலிங்கத்தின் ஆடுகளுக்காக.

"இன்னா தேசம்மா, பச்சப் பசேல்னு வளத்து வெச்சிட்டு
வாயில்லா ஜீவன வெரட்டிக்கினு கீறியே."
தின்றால் உன் ஆடு சாகாது அண்ணே,
அதுதான் பிரச்சனை.
பால் கறக்கும். குட்டி போடும். கறியாகும்.
சொல்லிக்கொண்டே கல்லை எடுக்கிறேன்.

கடுகுக்கீரை கிள்ள வந்த
சுனாமி குடியிருப்புப் பெண்களைக்
கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.
பூ கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளையிடம்
"இதுக்கு வாசனை இல்லம்மா" என்றேன்.
கிளிகளிடம் என்ன சொல்ல?
தகரத்தைத் தட்டுகிறேன்.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் என்பார்கள்
கேட்கக் கூடாததைக் கேட்டவர்கள்.
எங்களுக்கு மூக்கு வழியாக ஊற்றினார்கள்.
இதே இடம்.
தோட்டத்துக்கு முன்னால் இங்கே ஷெட்.
செத்த பேட்டரிகள் லாரியில் வரும்.
சுத்தியலால் உடைத்து,
ஆசிட்டை மண்ணில் கவிழ்த்து,
தகட்டை உலைக்குத் தருவோம்.
கவிழ்த்த இடத்தில் மண் பொங்கும்
புளித்த மாவு மாதிரி.
எட்டு வருஷம்.
சனிக்கிழமை கூலி.
தினமும் ஒரு டம்ளர் பால், ஓனர் செலவில்,
விஷத்தை அது இறக்கிவிடுமாம்.

ஆராய்ச்சிக்கு வந்த ஹெப்சிபா மேடம்
குச்சியால் தரையில் படம் போட்டாள்.
இது வேர், இது தண்டு, இது இலை.
ஈயம் முக்கால்வாசி வேரிலேயே தங்கிவிடும்,
மேலே ஏறுவது கொஞ்சம்தான்.
"செடிக்கு வலிக்காதா?" என்றேன்.
சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது,
நான் பேசியபோது பல் ஈறைப் பார்த்துவிட்டாள்.
நீலமாக ஒரு கோடு,
பேனாவால் இழுத்ததுபோல்.

எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும் மேடம்.
குடத்தைப் பிடிக்க மறுக்கும்
இந்த மணிக்கட்டைக் கேளுங்கள்.

அறுப்பு மார்கழியில்.
நெல்லறுப்பை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன்,
அதில் பாடுகிறார்கள்.
இங்கே நாலு பேர், கையுறை, மாஸ்க்.
வேரோடு பிடுங்கு.
உதறாதே.
ஓர் இலை விழுந்தாலும் குனிந்து பொறுக்கு.
மஞ்சள் மூட்டையில் கட்டி
எடை போட்டு, நம்பர் எழுதி,
குழந்தையை இறக்குவதுபோல் லாரியில் வை.

இத்தனை பத்திரமாக
என்னை யாரும் இந்த மண்ணிலிருந்து எடுக்கவில்லை.
ஒரு திங்கட்கிழமை வந்தேன்,
கேட்டில் பூட்டு தொங்கியது.

மூட்டைகள் வடக்கே போகின்றன.
எரித்து, சாம்பலைச் சிமென்ட் குழியில் புதைப்பார்களாம்.
அந்தக் குழிக்குக் காவல் யார் என்று கேட்டேன்.
டிரைவர் டில்லிபாபுவுக்குத் தெரியவில்லை.
ஹாரன் மட்டும் அடித்தான்.

மண் டெஸ்ட் முடிவு வந்தது.
போன வருஷத்துக்கு இந்த வருஷம்
கொஞ்சூண்டு குறைந்திருக்கிறது.
இப்படியே போனால் முப்பத்தைந்து வருஷம் ஆகும் என்றாள் ஹெப்சிபா,
கடன் தவணை கேட்கிறவள் குரலில்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
அப்போது எனக்கு எழுபத்தொன்பது.
"பரவால்ல மேடம்,
எனக்கு வேலை பர்மனென்ட்."

நேற்று விடியலில்
வேலி ஓட்டை வழியே ஒரு குட்டி.
கருப்பு, நெற்றியில் வெள்ளை,
பால் பல்லே இன்னும் விழவில்லை.
வாய் நிறையப் பச்சை.
தாடையைப் பிளந்து விரலை விட்டேன்.
கடித்தது. கடிக்கட்டும்.
மென்ற பாதி கையோடு வந்தது.

அதையும் மூட்டையில் போட்டுவிட்டு
எடைப் புத்தகத்தில் தேதி எழுதி
கீழே எழுதினேன்:
அரை இலை, குறைவு.